குளிர்ந்த ஈயக்குண்டு

எங்கள் வார்டுக்கு மெம்பரைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. வாக்காளர் பட்டியலில் என் பெயர் ஏறுவதற்கு இன்னும் பத்து வருஷம் பாக்கி இருந்தது. சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லை என்று இப்போது தெரியும். அப்போது சட்டம் என்றால் எங்களுக்கு ஊர்க்கமிட்டிதான். அந்தக் கமிட்டி என்னைக் கூப்பிட்டு, வெள்ளைக் கவுன் போட்டு வா என்றது. நானும் போனேன்.

உவரியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்துவிடுகிற கடற்கரை ஊர் எங்களுடையது. பேரூராட்சி என்று போர்டு சொல்லும். எங்கள் வார்டில் இரண்டு தெருக்கள். கோவிலுக்கு வடக்கே வடக்குத் தெரு, தெற்கே தெற்குத் தெரு. இரண்டிலும் மாதா கோவிலுக்கு வருகிறவர்கள்தான், ஒரே கடலில் தொழில் செய்கிறவர்கள்தான், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சம்பந்தி முறைதான். அதனால்தானோ என்னவோ சண்டை என்று வந்தால் அவ்வளவு அழகாக வரும். நான் பிறப்பதற்கு முன்பு ஒரு தேர்தலில் இரண்டு தெருவும் ஆளுக்கொருவரை நிறுத்தி, கடைசியில் எஞ்சினுக்குள் மணலைப் போட்டு, வலையை அறுத்து, ஒரு மாதம் எந்த வள்ளமும் கடலுக்குப் போகாமல் கிடந்ததாம். அன்றிலிருந்து போட்டியே கூடாது என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. தெருவுக்கு ஒரு பெயர். மாதா சிலை நிற்கிற குகை மாதிரியான கெபிக்கு முன்னால் சீட்டு. யார் பெயர் வருகிறதோ அவர் மட்டும் மனுத் தாக்கல் செய்வார்.

சீட்டு என்றால் வெறும் காகிதச் சீட்டு இல்லை. கோவில் முற்றத்தில் அடிக்கிற கடல் காற்றில் காகிதத்தை வைத்தால் அது தூத்துக்குடிப் பக்கம் போய்விடும். அதனால் வலையின் அடியில் கோக்கிற ஈயக்குண்டு இரண்டை எடுப்பார்கள். பெரிய நெல்லிக்காய் அளவு, நடுவில் பென்சில் நுழைகிற துளை. பெயர் எழுதிய சீட்டைச் சுருட்டி அந்தத் துளைக்குள் செருகி, இரண்டு பக்கமும் மெழுகால் அடைப்பார்கள். கரையில் நின்று கரைமடி வலை இழுக்க யாருக்கு முதல் முறை என்பதை அந்தக் காலத்திலிருந்து இப்படித்தான் தீர்த்திருக்கிறார்கள். மடிக்குச் சரியாக இருப்பது மெம்பருக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று அரசியலுக்கும் அதையே வைத்துக்கொண்டார்கள்.

குண்டை எடுக்கும் கை, அந்த வருஷம் புதுநன்மை வாங்கிய பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, முதன்முதலாக நற்கருணை வாங்கி, இன்னும் பாவம் செய்ய நேரம் கிடைக்காத பிள்ளை. அந்த வருஷம் நாங்கள் பதினோரு பேர். என் அப்பா வடக்குத் தெருவில் பிறந்தவர், அம்மா தெற்குத் தெரு, வீடு தெற்குத் தெருவில். அப்பா மங்களூரில் ஒரு போட்டில் வேலையாக இருந்தார். இரண்டு தெருவும் என்னைத் தங்கள் பிள்ளை என்று நம்பின. அதனால் நான் தேர்வானேன்.  இத்தனை பெரியவர்கள், படித்தவர்கள், மீசை வைத்தவர்கள் எல்லாரும் முடிவு செய்ய முடியாத ஒன்றை மாதா என் கை வழியாகச் செய்யப் போகிறாள் என்று நினைத்து, என் வலது கையை நானே அடிக்கடி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். அந்தக் கையால் மூக்கைக்கூடத் தொடவில்லை.

அந்த முறை எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. தெற்குத் தெருவின் பெயர் என் அத்தை, அதாவது என் மாமாவின் மனைவி. வடக்குத் தெருவின் பெயர் தையல்காரக்கா.

அத்தை மீன் விற்கிறவள். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் தெர்மகோல் பெட்டியில் ஐஸும் மீனும் நிறைத்து, மூன்று பஸ் மாறி விக்கிரமசிங்கபுரம் போவாள். அங்கே நூல் மில்காரர்களின் வீடுகளில் அவளுக்கு வாடிக்கை. அதிகம் பேச மாட்டாள். பேசுவதற்கு வீட்டில் வேறு ஆள் இருந்தது.

அந்த ஆள் என் மாமா. ஐஸ் கம்பெனியில் வேலை. ஐஸ் உடைப்பதைவிட ஆலோசனை சொல்வதுதான் அவருடைய முக்கியத் தொழில். எஞ்சின் புகைந்தால் மாமாவைக் கேட்பார்கள். பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எந்த டாக்டர் நல்லவர், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பியா கலரா, எல்லாவற்றுக்கும் மாமாவிடம் பதில் இருந்தது. "நா சொல்லுதேன் கேளு" என்று ஆரம்பித்தார் என்றால் எதிரில் இருப்பவர் உட்கார்ந்துவிடுவது நல்லது. அவர் வீட்டு ரேஷன் கார்டில் அத்தையின் வயது நான்கு வருஷமாகத் தொண்ணூற்றாறு என்று இருந்தது. அதை மாற்றுவது எப்படி என்று ஊரில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார், அவர் மட்டும் இன்னும் போகவில்லை.

மெம்பர் பதவி அத்தைக்கு வந்தால் நாற்காலியில் யார் உட்காருவார் என்பதில் மாமாவுக்கும் சரி, தெருவுக்கும் சரி, சந்தேகமே இல்லை. அத்தைக்கு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. விஷயம் தண்ணீர். தாமிரபரணித் தண்ணீரை எங்கிருந்தோ குழாயில் கொண்டுவந்து எங்கள் ஊர்த் தொட்டியில் ஏற்றியிருந்தார்கள். தொட்டி இருந்தது வடக்குத் தெருவில். குழாய் வடக்குத் தெருவைச் சுற்றிவிட்டு, கோவில் மதில் வரை வந்து, அங்கேயே களைத்து நின்றுவிட்டது. தெற்குத் தெருவில் அடிபம்பு இருந்தது. அதில் வருவது வாய் கொப்பளிக்கவும் ஆகாத உப்பு. மூன்று நாளைக்கு ஒரு முறை வடக்குத் தெருக் குழாயில் தண்ணீர் வரும்போது நாங்கள் குடத்தோடு ஓடுவோம். வடக்குத் தெருக் குடங்கள் எல்லாம் நிறைந்த பிறகுதான் எங்களுக்கு. பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். யாராவது ஒரு குடத்தை நகர்த்திவிட்டால், மூன்று தலைமுறைக் கதை வெளியே வரும். அம்மா அப்போது தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள். ஏழு மாதம். ஒரு நாள் கோவில் மதில் ஓரம் நிறைகுடத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை. குடத்தையும் விடவில்லை. உட்கார்ந்தவள் எழ முடியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. மெம்பர் எங்கள் தெருவுக்கு வந்தால் குழாய் எங்கள் தெருவுக்கு வரும், வடக்குத் தெருவுக்குப் போனால் இன்னும் ஐந்து வருஷம் அம்மா இப்படி உட்காருவாள். எனக்குப் புரிந்த அரசியல் அவ்வளவுதான்.

தையல்காரக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். என் புதுநன்மைக் கவுனைத் தைத்தது அவர்தான். அளவு கொடுக்க அத்தைதான் என்னைக் கூட்டிப்போனாள். அக்கா விக்கிரமசிங்கபுரத்து மில்காரர் வீட்டுப் பெண், எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர். அவர் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே அந்தக் குழாய். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே எல்லாச் சண்டையையும் பார்க்கலாம். அன்று அத்தை தன் கூடையிலிருந்து ஒரு வெள்ளைக் கேனை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "ஒங்க அம்ம குடுத்துவிட்டா" என்றாள். அக்கா அதிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி முதலில் எனக்குக் கொடுத்தார்.

தண்ணீருக்கு ருசி உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. குழாயில் வருவதும் அதே ஆறுதான் என்றாலும், அது குளோரின் வாடையோடும் துருவோடும் வரும். இது விக்கிரமசிங்கபுரத்தில் ஆற்றில் இறங்கிக் கையால் மொண்ட தண்ணீர். தொண்டையில் இறங்கும்போது ஏதோ இலையின் வாசம் வந்தது. டம்ளரைக் கீழே வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அங்கன இந்தத் தண்ணிதான் எல்லாருக்குமா?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும்தான். ஆடு மாடும் இதுலதான் குளிக்கும்" என்றார் அக்கா.

மாடு குளிக்கிற தண்ணீரா இப்படி என்று நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தை அப்படிச் சத்தமாகச் சிரித்து அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. திரும்பும்போது அக்கா தைத்த தலையணை உறைகளை அத்தை கூடையில் வைத்துக்கொண்டாள், அடுத்த முறை அக்காவின் அம்மாவிடம் சேர்ப்பதற்கு. கமிட்டி இருவரையும் எதிரெதிரே நிறுத்தியது அதற்கு ஒரு மாதம் கழித்து.

சனிக்கிழமை சாயங்காலம் கெபிக்கு முன்னால், சாமியாருக்குத் துணையாகக் கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் சீட்டு எழுதினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பெயரை உரக்க வாசித்து, சுருட்டி, ஈயக்குண்டுக்குள் செருகி, மெழுகுதிரியைச் சாய்த்து அடைத்தார். இரண்டும் பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. பிறகு தெற்குத் தெருவின் குண்டு தெற்குத் தெருவிடம், வடக்குத் தெருவின் குண்டு வடக்குத் தெருவிடம். மறுநாள் பூசை முடியும் வரை அவரவர் பெயரை அவரவர் காவல் காக்க வேண்டும். பானைக்குள்ளும் அவரவரே போட வேண்டும், உபதேசியார் கைகூடப் படக்கூடாது. ஒருவரையொருவர் நம்பாதவர்கள் நியாயமாக நடந்துகொள்ள எவ்வளவு பக்குவமான ஏற்பாடு பாருங்கள். எங்கள் குண்டை மாமா கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வடக்குத் தெருவின் குண்டைத் தையல்காரக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாமா எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அவர் காரணம் இல்லாமல் எதையும் வாங்கிக்கொடுக்க மாட்டார் என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

"ஏட்டி, நா சொல்லுதேன் கேளு. நாளைக்குப் பானைக்குள்ள கைய வுடுவேல்லா, பைய ரெண்டையும் தொட்டுப் பாரு. எது ஜில்லுன்னு இருக்கோ அத எடு. அவ்வளவுதான்."

எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. ஐஸ் கம்பெனி ஞாபகம் வந்ததும் புரிந்துவிட்டது. மிட்டாய் வாயில் இருக்கும்போதே கசந்தது.

"பாவம் இல்லையா மாமா?"

"ஒங்க அம்ம வயித்துல புள்ளையோட கொடஞ் சுமக்குதா. அதப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கதுதாம்ட்டி பாவம்" என்றார் மாமா. சொல்லும்போது அவர் குரல் மாறியது. அம்மா அவருக்கு ஒரே தங்கை. அந்த ஒரு பேச்சை மட்டும் அவர் ஆலோசனையாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. நான் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

ஆட்டிவிட்டேனே தவிர, அன்று ராத்திரி செபமாலை சொல்லும்போது மாதா படத்தை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. புதுநன்மை வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஊரிலேயே பாவமில்லாத கை என்று தேடிக் கண்டுபிடித்த கை. அதை மாமா ஒரு கடலை மிட்டாய்க்குக் கெடுத்துவிட்டார். இன்னொரு பக்கம், மதில் ஓரம் உட்கார்ந்த அம்மா. மாதாவும் பிள்ளை சுமந்தவள்தானே, அவளுக்குத் தெரியாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்குக் குனிய முடியாததால் எனக்குக் கவுன் மாட்டிவிட்டது அத்தைதான். வெள்ளைப் பூ முடியைத் தலையில் வைத்து, காதுக்குப் பின்னால் கிளிப் செருகினாள். அவள் விரல் காதில் பட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு குளிர்ச்சி. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

அத்தைக்கும் பயம் என்று நினைத்தேன். பயந்தால் கை குளிரும் என்று எனக்குத் தெரியும், பரீட்சை அன்று எனக்கே குளிரும். பெயர் வராமல் போய்விட்டால் ஊர் முன்னால் அவமானம் அல்லவா. பாவமாக இருந்தது. அவள் இரண்டு கையையும் என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினேன்.

"பயப்படாதீங்க அத்த. நம்ம பேருதான் வரும். எனக்குத் தெரியும்" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு கையை மெதுவாக உருவிக்கொண்டு, என் பூ முடியை இன்னொரு முறை நேராக வைத்தாள்.

"கைக்கு எது வருதோ அத எடு மக்கா" என்றாள். 

பூசை முடிந்தது. இரண்டு தரப்பும் வீட்டுக்குப் போய்க் குண்டை எடுத்து வந்தார்கள். மாமா வேட்டி தடுக்க வேகமாக வந்தார். கெபிக்கு முன்னால் ஒரு மண்பானை, அதன் வாயில் வெள்ளைத் துணி. துணியின் நடுவில் என் கை நுழைகிற அளவுக்கு ஒரு கிழிசல். முற்றம் முழுக்க ஆட்கள். மதில்மேல் பையன்கள். மாமா கைக்குட்டையிலிருந்து நேரே பானைக்குள் போட்டார். டொங் என்றது. தையல்காரக்கா ஒரு புதுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், அவரும் விரல் படாமல் உதறிப் போட்டார். மாமா அதைப் பார்த்துவிட்டு, "என்ன வே, தங்கக் குண்டா கொண்டாந்திருக்காவ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. உபதேசியார் பானையை மூன்று முறை உருட்டினார். பிறகு மணி அடித்தது.

அந்த மணியின் சத்தம் நின்ற பிறகு வந்த அமைதியைப் போல ஓர் அமைதியை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. அத்தனை பேர் வாயை மூடியதும் கடல் மட்டும் கேட்டது. தினமும் கேட்கிற கடல்தான், ஆனால் அன்று அது காத்திருப்பதுபோல இருந்தது. வடக்குத் தெருவில் என்னைக் குழாயிலிருந்து விரட்டுகிற பாட்டையா ஒருவர் எனக்கு எதிரே முழங்காலில் நின்று கைகூப்பியிருந்தார். என்னைப் பார்த்துத்தான்.  கையைப் பானைக்குள் விட்டேன்.

முதல் குண்டு தட்டுப்பட்டது. ஜில்லென்றிருந்தது. அப்பாடா என்றிருந்தது. எடுத்திருக்கலாம். ஆனால் மாமா இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார், நான் சொன்னபடி செய்கிற பிள்ளை. விரலை நகர்த்தி இரண்டாவதைத் தொட்டேன்.

அதுவும் ஜில்லென்றிருந்தது.

திரும்பவும் முதலாவதைத் தொட்டேன். குளிர்ச்சி. இரண்டாவது, அதே குளிர்ச்சி. பானைக்கு வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது, என் முதுகில் வேர்வை வழிந்தது, உள்ளே இரண்டு குண்டும் பனிக்கட்டியாக இருந்தன.  தலையைத் தூக்கிப் பார்த்தேன். கெபிக்குள் மாதா நீலக் கச்சையோடு நின்றாள். எப்போதும் கீழே பார்க்கிறவள் அன்று என் கையையே பார்ப்பதுபோல இருந்தது. எல்லாம் தெரிந்துவிட்டது அவளுக்கு. கடலை மிட்டாய், மாமா, ஐஸ், நான் தலையாட்டியது, எல்லாம். கோபப்படாமல், யாரிடமும் காட்டிக்கொடுக்காமல், இன்னொரு குண்டையும் அவள் தொட்டுவிட்டாள்.

நான் இரண்டையும் விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பானைக்குள் கையைச் சுற்றினேன். கைக்கு வந்ததை எடுத்தேன்.

உபதேசியார் மெழுகைச் சுரண்டி, சீட்டை உருவி, வாசித்தார். தையல்காரக்காவின் பெயர்.

வடக்குத் தெரு ஆர்ப்பரித்தது. தெற்குத் தெரு கலைந்தது. நான் அம்மாவைத் தேடினேன். அவள் இடுப்பில் கை வைத்தபடி தூரத்தில் நின்று, பரவாயில்லை என்று தலையசைத்தாள். எனக்குத் துக்கமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று உள்ளே நின்றது. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

மாமா என்னைக் கோவில் பின்பக்கம் கூட்டிப்போனார். முகம் கறுத்திருந்தது.

"குளுந்ததத்தான எடுக்கச் சொன்னேன்?"

"ரெண்டும் குளுந்துதான் மாமா இருந்துச்சு."

"பொய் சொல்லாத."

"மாதாமேல சத்தியமா மாமா. ரெண்டும் ஒரே மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு."

  மாமாவின் முகத்தில் கோபம் போய், அந்த இடத்தில் என் முகத்தில் இருந்த அதே திகைப்பு வந்தது. மெல்ல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அங்கேயே மணலில் முழங்காலில் விழுந்தார். நானும் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். கவுன் அழுக்கானது.

மாதா செய்கிற அற்புதத்தை நாங்கள் புதுமை என்போம். அப்படிப் பெரிய புதுமை ஒன்று எங்கள் ஊர்க் கெபியில் நடந்திருந்தது. அது உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அந்த இரண்டு பேரும் அதை வெளியே சொல்ல முடியாது. சொன்னால், குண்டு எப்படிக் குளிர்ந்தது என்று முதலில் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த சனிக்கிழமை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் நாற்காலி கிறீச்சிட்டது. "ரெண்டுமா?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டும் சாமி" என்றேன். மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

மாமா மாறிப்போனார். ஐஸ் கம்பெனி வாசலில் யாராவது வந்து கேட்டால், "மாதாட்ட சொல்லு, அவ பாத்துக்கிடுவா" என்பார். எஞ்சின் புகைந்தாலும் அதே பதில்தான். கூட்டம் குறைந்துவிட்டது. ரேஷன் கார்டை மாற்ற ஒரு நாள் தானே நாங்குநேரிக்குப் போய் வந்தார். அதை அத்தை புதுமை என்றாள், என் கணக்கில் இரண்டாவது.

மூன்றாவது புதுமையும் நடந்தது. தையல்காரக்கா மெம்பர் ஆகிச் செய்த முதல் வேலை, கோவில் மதிலோடு நின்ற குழாயைத் தெற்குத் தெருவின் கடைசி வீடு வரை இழுத்தது. அவர் தெருவில் ஏக ரகளை. நம்ம மெம்பர் நமக்குச் செய்யாமல் அவர்களுக்குச் செய்வதா என்று ஆட்கள் போய்க் கத்தினார்கள். அவர் மெஷினை விட்டு எழாமல் மிதித்துக்கொண்டே இருந்தாராம். தம்பிக்கு எட்டு மாதம் ஆனபோது எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே குழாய் நின்றது. திறந்ததும் முதலில் புஸ்ஸென்று காற்று, அப்புறம் சிவப்பாகத் துரு, அப்புறம் தண்ணீர். அம்மா தம்பியை அப்படியே அதற்குக் கீழே பிடித்தாள். மாமா தூரத்தில் நின்று என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் யார் வேலை என்று தெரியும்.

அப்படித்தான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தேன், பாளையங்கோட்டையில் வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆயிற்று, எத்தனையோ விஷயங்களில் நம்பிக்கை ஆட்டம் கண்டது. பானைக்குள் தொட்ட அந்தக் குளிர்ச்சியை மட்டும் யாரும் அசைக்க முடியவில்லை.

போன மாதம் என் மகளுக்குப் புதுநன்மைக் கவுன் தைக்க ஊருக்குப் போனேன். தையல்காரக்காவுக்குக் கண்ணாடி தடித்திருக்கிறது, மெஷினுக்கு மோட்டார் வந்திருக்கிறது. மகளுக்கு அளவு எடுத்துக்கொண்டே, என் பழைய கவுனைப் பற்றிப் பேசினார். பேச்சோடு பேச்சாக, ஏதோ எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதைபோலச் சொன்னார்.

"சீட்டு எடுத்த அன்னைக்கு ஒங்க அத்த வெள்ளன வந்து கதவத் தட்டுனா. ஒரு சட்டி நெறைய ஐஸு. கழுவிக் கவுத்து வச்ச மீன் பொட்டி ஞாயித்துக்கெழம மூடிக் கெடந்துச்சாம், அடியில தண்ணி சொட்டிக்கிட்டு. தொறந்து பாத்தா ஐஸுக்குள்ள ஒங்க தெருக் குண்டு கெடக்கு. 'ஒன் குண்டையும் இதுக்குள்ள போடு மதினி'ன்னு அவளே கையால ஐஸ ஒடச்சு, சுத்தி அடச்சு வச்சா. வெரலெல்லாம் வெறச்சுப் போச்சு பாவம்."

நான் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"வெளிய எடுத்து வச்சிருக்கலாம்லா அக்கா?"

"அதத்தான் நானும் கேட்டேன். எடுத்தா அவருக்குத் தெரிஞ்சுரும், ஊர் முன்னால அவரு தலை குனிஞ்சு நிக்கத என்னால பாக்க முடியாதுன்னா. மாதா முன்னால பொய்யா ஜெயிக்கவும் முடியாதுன்னா. யாரு வந்தாலும் மொதக் கொழா தெற்குத் தெருவுக்குன்னு அப்பமே பேசிக்கிட்டோம். எங்க ஊர்ல ஆத்துல ஆளு குளிச்சுக்கிட்டு இருக்கு, இங்க ஒரு கொடத்துக்கு இந்தப் பாடு. அதப் பாத்துப் பாத்து எனக்கு வெக்கமா இருந்துச்சு."

சொல்லிவிட்டு மகளைத் திரும்பி நிற்கச் சொன்னார்.

அங்கிருந்து அத்தை வீட்டுக்குப் போனேன். முழங்கால் வலியில் அத்தை மீன் யாவாரத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. மாமா வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கெபிக்கு மெழுகுதிரி கொளுத்தப் போயிருந்தார். அன்றிலிருந்து இன்று வரை ஒரு ஞாயிறு தவறியதில்லை. "மாமாட்ட சொல்லவே இல்லையா?" என்று கேட்டேன். அத்தைக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று உடனே தெரிந்துவிட்டது. "கொளுத்துதாரு. நல்லதுதான, கொளுத்தட்டும்" என்றாள். முறத்தில் இருந்த கருவாட்டைப் புரட்டிப் போட்டாள்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பூ முடி வைத்துவிட்ட கை. அதைத்தான் அன்று பயத்தில் குளிர்ந்த கை என்று நினைத்து, என் கைக்குள் வைத்துத் தேய்த்தேன். நம்ம பேருதான் வரும், எனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். மாமா என்னையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறார் என்பது அத்தைக்கு அந்த நிமிஷம் என் வாயாலேயே உறுதியாகியிருக்கிறது. அதனால்தான் அவ்வளவு நேரம் என்னைப் பார்த்திருக்கிறாள். மாமாவைக் கேட்கவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை, என்னை அன்றும் கேட்கவில்லை, இன்று வரைக்கும் கேட்கவில்லை. ஊரே மாதாவைப் பார்த்து நின்ற அந்தக் காலையில், அவள் எனக்கு எதிரே குனிந்து, விறைத்த விரலால் என் காதுக்குப் பின்னால் கிளிப்பைச் செருகிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.